சிறுநீரக நோயும் கொழுப்பு மாத்திரையும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

சிறுநீரக நோயாளிகளின் இரத்த அழுத்தம் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்குப் பிறகு குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொழுப்பைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே வகையான ஐயங்களைச் சேர்த்து, விவரமாகப் பதில் சொல்ல வேண்டியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ நிறுத்துவதோ உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரின் பொறுப்பு என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 58. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் 1.8, சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 43 என்று வந்திருக்கிறது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 96 மட்டுமே, ஆய்வகத்தின் தாளில் அது இயல்பான அளவு என்றே அச்சிடப்பட்டுள்ளது. இருந்தும் மருத்துவர் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கொழுப்பே இல்லாதபோது எதற்காக இந்த மாத்திரை? அது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் என்று என் மகன் சொல்கிறான்.
— வாசகர், தக்கலை

பதில்: உங்கள் மருத்துவர் சரியாகவே செய்திருக்கிறார். ஆய்வகத் தாளில் அச்சிட்டிருக்கும் அளவு எல்லோருக்கும் பொதுவானது. உங்கள் வயது, சர்க்கரை, குறைந்துள்ள சிறுநீரகச் செயல்பாடு ஆகிய மூன்றையும் அந்தத் தாள் அறியாது.

சிறுநீரகம் பழுதடையத் தொடங்கியதும் நோயாளியும் குடும்பத்தாரும் அஞ்சுவது டயாலிசிஸைத்தான். ஆனால் நடுத்தர நிலையில் இருக்கும் பலருக்கு டயாலிசிஸ் வரை போகும் வாய்ப்பைவிட, அதற்கு முன்பே மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்புதான் அதிகம். சிறுநீரகம் குறைவுபடும்போது இரத்தத்தில் உள்ள கொழுப்பின் தன்மையே மாறுகிறது. டிரைகிளிசரைடு என்ற வகைக் கொழுப்பு உயர்கிறது, நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைகிறது, எல்.டி.எல். எண்ணிக்கையில் இயல்பாகத் தோன்றினாலும், அதன் துகள்கள் சிறியனவாகவும் அடர்த்தியானவையாகவும் மாறி, இரத்தக் குழாயின் சுவருக்குள் எளிதில் நுழையக்கூடியவை ஆகிவிடுகின்றன. ஆகவே 96 என்ற எண்ணை, சிறுநீரகம் நன்றாக உள்ள ஒருவருடைய 96-உடன் ஒப்பிட்டுப் பார்த்து நிம்மதி அடைய முடியாது.

இதனால்தான் சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டுதல் 2013-இல், 50 வயதோ அதற்கு மேலோ ஆகி, இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே இருந்து, டயாலிசிஸ் தொடங்காத எல்லோருக்கும் ஸ்டாட்டின் (அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பைக் குறைக்கும் மருந்து வகை) மாத்திரையோ, ஸ்டாட்டினுடன் எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொழுப்பு மருந்து சேர்ந்த மாத்திரையோ தரலாம் என்று பரிந்துரைத்தது. எல்.டி.எல். இத்தனைக்கு மேல் இருந்தால் மட்டும் தர வேண்டும் என்று அது வரம்பு வைக்கவில்லை. இந்தப் பரிந்துரைக்குப் பெரிய ஆதாரமாக இருப்பது 2011-இல் வெளியான ஷார்ப் ஆய்வு. ஏறத்தாழ 9,270 சிறுநீரக நோயாளிகளில் ஒரு பாதியினருக்குச் சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமும் எசெட்டிமைப் 10 மில்லிகிராமும், மறு பாதியினருக்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். மாரடைப்பு, அடைப்பினால் வரும் பக்கவாதம், அடைப்பை நீக்கும் சிகிச்சைக்கான தேவை ஆகியவை மருந்து எடுத்தவர்களிடம் 17 சதவீதம் குறைந்திருந்தன.

அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. இந்த மருந்து சிறுநீரகம் கெடும் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. உங்கள் மகனின் அச்சத்துக்கு இதுவே பதில். மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் கிரியேட்டினின் இறங்கவில்லையே என்று ஏமாற்றம் அடைந்து அதை நிறுத்திவிடுகிறவர்களுக்கும் இதுவே பதில். இந்த மாத்திரை இதயத்துக்காகக் கொடுக்கப்படுகிறது. கிரியேட்டினினைக் கொண்டு அதை அளக்கக் கூடாது. அட்டோர்வாஸ்டாட்டின் பெரும்பாலும் கல்லீரல் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகச் செயல்பாட்டைப் பொறுத்து அதன் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. ரோசுவாஸ்டாட்டின் அப்படியன்று; சிறுநீரகச் செயல்பாடு 30-க்குக் கீழே போனவர்களுக்கு அதை 5 மில்லிகிராமில் தொடங்கி, 10-ஐத் தாண்டாமல் நிறுத்துவதே முறை. எந்தக் கடையில் வாங்கினாலும் உறையில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஒருமுறை பாருங்கள். மக்கள் மருந்தகங்களிலும் முதல்வர் மருந்தகங்களிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொதுப்பெயர் மருந்தும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கேள்வி: என் அப்பாவுக்குக் கிரியேட்டினின் 1.9. கொழுப்பும் கூடுதலாக உள்ளது. எங்கள் வீட்டு முற்றத்தில் இரும்பன்புளி மரம் காய்த்துக் குலுங்குகிறது. அதன் சாற்றைக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடித்தால் கொழுப்பு கரைந்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்ல, அப்பா நாளை முதல் குடிக்கப் போவதாகச் சொல்கிறார். இயற்கையான காய்தானே, குடிக்கலாமா?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: குடிக்கவே கூடாது. இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அவர் குடிக்கத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். சிறுநீரின் அளவு குறைந்திருந்தாலோ, குமட்டல், இடுப்பு வலி இருந்தாலோ தாமதிக்காமல் கிரியேட்டினின் பரிசோதனை செய்யுங்கள்.

பிலிம்பி என்றும் புளிச்சக்காய் என்றும் அழைக்கப்படும் இந்தக் காயில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். கறியில் இரண்டு காய் போடும்போது உடலுக்குள் போகும் அளவு சிறியது. பல காய்களைப் பிழிந்து சாறாக்கி வெறும் வயிற்றில் குடிக்கும்போது பெருமளவு ஆக்சலேட் ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் கால்சியத்துடன் சேர்ந்து படிகங்களாகப் படிந்துவிடுகிறது. இது ஊகம் அன்று. இந்தச் சாற்றைக் குடித்தபின் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகி, கேரளத்தின் ஐந்து மருத்துவமனைகளில் சேர்ந்த 10 பேரைப் பற்றிய அறிக்கை 2013-இல் இந்தியச் சிறுநீரக மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் செய்ய நேர்ந்தது. எல்லைக்கு அப்பால் நடந்ததாக அதை எண்ண வேண்டாம்; விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் வீட்டு முற்றங்களில் நிற்பதும் அதே மரம்தான், பரவும் வைத்தியக் குறிப்பும் அதேதான்.

இதே இனத்தைச் சேர்ந்த நட்சத்திரப் பழத்தையும் சிறுநீரக நோயாளி தொடக்கூடாது. குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் போல் தெரியும் அந்தப் பழத்தில் ஆக்சலேட்டுடன் காரம்பாக்சின் என்ற நரம்பு நஞ்சும் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அது வெளியேறிவிடும். இல்லையேல் உடலிலேயே தங்கி மூளையைத் தாக்கும். நிற்காத விக்கல்தான் பெரும்பாலும் முதல் அறிகுறி. அதன்பின் குழப்பம், வலிப்பு, சிலருக்கு மரணம்கூட நேர்ந்திருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர் இந்தப் பழத்தைத் தின்றபின் விக்கல் எடுத்தால், எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அவர் தின்றது இன்ன பழம் என்பதையும் அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

மீன் குழம்புக்குப் புளிப்பு வேண்டுமானால் குடம்புளியோ சாதாரணப் புளியோ சிறிதளவு போதும். அப்பாவின் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள். கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்று அவர் நினைப்பது நல்ல எண்ணம். அந்த எண்ணத்துக்கு ஏற்ற வழி ஸ்டாட்டின் மாத்திரையில் இருக்கிறது என்று சொன்னால் கேட்பார்.

கேள்வி: எங்கள் வீட்டில் தேங்காய் இல்லாமல் சமையல் இல்லை. அவியல், தோரன், மீன் குழம்பு எல்லாவற்றிலும் தேங்காய்தான். தாளிப்பதும் தேங்காய் எண்ணெயில். கணவருக்குச் சிறுநீரக நோயும் கொழுப்பும் இருப்பதால், தேங்காய், மரச்சீனி, மீன், வாழைப்பழம் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்கிறார்கள். பிறகு எதைத்தான் சமைப்பது?
— வாசகி, இரணியல்

பதில்: எல்லாவற்றையும் விட வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு; காரணத்தைத் தெரிந்துகொண்டால் எதை எவ்வளவு குறைப்பது என்பது விளங்கும்.

முதலில் எண்ணெய். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அது நம் மண்ணின் எண்ணெய் என்பதால் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. எனக்கும் அந்த மணம் இல்லாத குழம்பு குழம்பாகத் தோன்றுவதில்லை. ஆனாலும் கடலை, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களுடன் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.-ஐச் சுமார் 10 மில்லிகிராம் உயர்த்துவதாகவே தெரியவந்தது. எனவே அன்றாடச் சமையலுக்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வைத்துக்கொண்டு, அவியலின் மேல் கடைசியில் ஊற்றும் ஒரு சிறு கரண்டிக்கு மட்டும் தேங்காய் எண்ணெயை வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் அரைப்பதைப் பாதியாகக் குறைத்து, தலைப்பாலை ஒதுக்குங்கள். மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். எந்த எண்ணெயாயினும் அளவு குறைவதே முதன்மையானது.

மரச்சீனிக் கிழங்கில் கொழுப்பு இல்லை. அதிலுள்ள பிரச்சினை இரண்டு: மாவுச்சத்து, பொட்டாசியம். மாவுச்சத்து சர்க்கரையையும் டிரைகிளிசரைடையும் கூட்டும்; பொட்டாசியம் ஏற்கெனவே உயர்ந்திருப்பவர்களுக்கு ஆபத்து. நம் வீடுகளில் கிழங்கை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும் பழக்கம் இருக்கிறது அல்லவா? அதனால் பொட்டாசியத்தின் ஒரு பகுதியும் வெளியேறிவிடும். கிழங்கைச் சிறு துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் இன்னும் நல்லது. சோற்றுக்குப் பதிலாக என்றாவது ஒருவேளை இதைச் சாப்பிடலாம். சோற்றோடு சேர்த்து வேண்டாம்.

மீனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் வரும் சாளையும் அயிலையும் இதயத்துக்கு நல்ல கொழுப்பைக் கொண்டவை. ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் இருந்த இடத்தில் அவற்றை வைப்பது நன்மையே. அளவில் மட்டும் கவனம் வேண்டும். டயாலிசிஸ் தொடங்காத சிறுநீரக நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பதே பொதுவான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாள் முழுவதற்கும் 48 கிராம். பருப்பு, பால், முட்டை, மீன் எல்லாம் சேர்ந்து இந்தக் கணக்கு. பொரிப்பதைவிடக் குழம்பாக வையுங்கள். கருவாட்டை மட்டும் முற்றிலும் விட்டுவிடுங்கள்; அதிலுள்ள உப்பு இரத்த அழுத்தத்தையும் கால் வீக்கத்தையும் கூட்டும். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிதான். ஊறுகாய், அப்பளம், கடைச் சிப்ஸ் ஆகியவற்றில் உள்ள உப்பும் இதில் சேரும்.

ஏத்தன் பழம், மட்டிப் பழம், இளநீர், சக்கைப் பழம் ஆகியவற்றுக்கும் கொழுப்புக்கும் தொடர்பில்லை. இவற்றைக் குறைக்கச் சொல்வது பொட்டாசியத்துக்காக. ஒரு இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கக்கூடும். கணவரின் இரத்தத்தில் பொட்டாசியம் இயல்பாக இருந்தால் சிறிய மட்டிப் பழம் ஒன்றை நான் தடுக்க மாட்டேன். 5-ஐத் தாண்டியிருந்தால் அது வேறு நிலைமை. அப்போது உணவியல் நிபுணரிடம் தனியாகப் பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் ஆழ்கடல் மீன்பிடிக்குப் போய் வாரக்கணக்கில் கடலில் இருப்பவர். சிறுநீரில் புரதம் போகிறது என்று சொல்லி, கொழுப்பு மாத்திரையும் சேர்த்துத் தந்தார்கள். அதைத் தொடங்கியதிலிருந்து தொடையும் தோளும் வலிக்கின்றன என்று சொல்லி, படகில் இருக்கும்போது வலி மாத்திரை போட்டுக்கொள்கிறார். கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?
— வாசகி, தூத்தூர்

பதில்: நிறுத்த வேண்டியது முதலில் வலி மாத்திரையை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசிகுளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. கடலில் வெயிலில் வியர்த்து, தண்ணீரும் போதிய அளவு குடிக்காத நிலையில், இரத்த அழுத்த மாத்திரையும் சேரும்போது, இந்த வலி மாத்திரையே சிறுநீரகத்தைச் சில நாட்களில் செயலிழக்கச் செய்யக்கூடும். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போதும்.

வலியின் காரணத்தைப் பார்ப்போம். ஸ்டாட்டினால் தசைவலி வருவது உண்மை. ஆனால் மக்கள் நினைக்கும் அளவுக்கு அது பரவலானது அன்று. ஏறத்தாழ 1,24,000 பேர் பங்கேற்ற 19 பெரிய ஆய்வுகளை ஒன்றாக ஆராய்ந்த 2022-ஆம் ஆண்டுக் கட்டுரை, ஸ்டாட்டின் எடுப்பவர்கள் சொல்லும் தசைவலிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை அந்த மருந்தினால் வந்தவை அல்ல என்று கண்டது. கனத்த வலையை இழுக்கும் ஒருவருக்குத் தோள்வலி வர வேறு காரணமும் வேண்டுமா? இருந்தாலும் அவர் சொல்லும் வலியைத் தள்ளிவிடக் கூடாது. கரைக்கு வந்ததும் தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. என்ற இரத்தப் பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் செய்யுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்திருந்தால் கொழுப்பும் கூடும், தசையும் வலிக்கும். அதைச் சரிசெய்தாலே இரண்டும் தணிவதுண்டு. சி.பி.கே. சற்றே கூடியிருந்தால் மருந்தின் அளவைக் குறைத்தோ வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றியோ பார்க்கலாம். எதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எசெட்டிமைப் இருக்கிறது. சிறுநீரக நோயிலும் அதன் அளவை மாற்ற வேண்டியதில்லை.

தாமதிக்கக் கூடாத அறிகுறி ஒன்று உண்டு. எழுந்து நிற்க முடியாத அளவுக்குத் தசைகள் தளர்ந்து, சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். இது மிக அரிது. அப்படி நேர்ந்தால் ஸ்டாட்டினை அந்த நொடியே நிறுத்திவிட்டு, கரை திரும்ப வேண்டும். கடலுக்குப் போகும்முன் இதை அவருக்கும் உடன் போகும் தொழிலாளர் ஒருவருக்கும் சொல்லிவையுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் எந்தெந்த மாத்திரையை அந்த ஓரிரு நாள் நிறுத்திவைக்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நெடுநாள் கடலில் இருப்பவருக்கு அந்தத் தாள் மாத்திரை அளவுக்கே முக்கியம்.

கேள்வி: என் அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. கொழுப்பு சற்றுக் கூடுதலாக இருந்தும் மாத்திரை தேவையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பக்கத்துப் படுக்கையில் இருப்பவரோ பல ஆண்டுகளாக அதே மாத்திரையைச் சாப்பிடுகிறார். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்பதால் கைவிட்டுவிட்டார்களோ என்று என் அக்கா அழுகிறார்.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் அக்காவுக்கு ஆறுதல் சொல்லுங்கள், யாரும் கைவிடவில்லை. இந்த இரண்டு முடிவுகளுமே சரியானவை.

டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் புதிதாக ஸ்டாட்டின் தொடங்கினால் பயன் உண்டா என்று பார்க்க இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. ஜெர்மனியில், சர்க்கரை நோயுடன் டயாலிசிஸ் செய்துகொண்ட 1,255 பேருக்கு நடந்த ஆய்வின் முடிவு 2005-இல் வந்தது. பல நாடுகளைச் சேர்ந்த 2,776 பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. இரண்டிலும் எல்.டி.எல். ஏறத்தாழ 40 சதவீதம் இறங்கியது. ஆனால் இதய நோயினால் நேரும் மரணமும் மாரடைப்பும் பக்கவாதமும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இந்த நிலையில் இதயம் பாதிக்கப்படுவதற்குக் கொழுப்பு அடைப்பைவிட வேறு காரணங்கள் மேலோங்கிவிடுகின்றன: இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிவது, இதயத் தசை தடிப்பது, தண்ணீர் தேங்குவது, பொட்டாசியம் ஏறி இறங்குவதால் இதயத்துடிப்பு தடுமாறுவது. இவற்றை ஸ்டாட்டின் தொடுவதில்லை.

எனவே டயாலிசிஸ் தொடங்கியபின் புதிதாக ஸ்டாட்டின் தொடங்குவது வழக்கமில்லை. அதற்கு முன்பே எடுத்துக்கொண்டிருந்தவர்கள் தொடரலாம். பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் இந்த இரண்டாம் வகையாக இருக்கக்கூடும். அண்மையில் மாரடைப்பு வந்தவர், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் மருத்துவர் தனியாக முடிவு செய்வார்.

டயாலிசிஸ் நோயாளியின் கொழுப்பு மிகவும் குறைந்துபோவதும் நல்ல செய்தி அன்று. ஊட்டம் குறைந்தாலும் உடலில் அழற்சி இருந்தாலும் கொழுப்பு இறங்கும். பாஸ்பரசைக் கட்டுப்படுத்தச் செவலமர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதனாலும் எல்.டி.எல். குறையும். அம்மாவைப் பொறுத்தவரை நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: இரண்டு டயாலிசிஸுக்கு இடையே எடை எவ்வளவு கூடுகிறது, இரத்தத்தில் உள்ள புரதமான அல்புமின் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு, வயிறார உண்கிறாரா. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் நடப்பவர்கள் ஒரு முறையைக்கூடத் தவறவிடாமல் இருப்பதும், முழு நேரமும் செய்துகொள்வதும் கொழுப்பு மாத்திரையைவிட அவருடைய இதயத்தைக் காக்கும்.

கேள்வி: ஐந்து வயது மகனுக்குச் சிறுநீரில் புரதம் பெருமளவு போகும் நெஃப்ரோடிக் நோய். முகமும் காலும் வீங்கி, கொழுப்பு 420 என்று வந்ததைப் பார்த்துப் பதறிவிட்டோம். இந்த வயதில் மாரடைப்பு வருமா?
— பெற்றோர், ஆரல்வாய்மொழி

பதில்: பதற வேண்டாம். சிறுநீரில் அல்புமின் பெருமளவு வெளியேறும்போது, அதை ஈடுசெய்யக் கல்லீரல் மும்முரமாகப் புரதங்களை உருவாக்குகிறது. அப்போது கொழுப்பைச் சுமக்கும் புரதங்களும் கூடவே பெருகிவிடுகின்றன. இருக்கும் கொழுப்பு கழிவதும் மெதுவாகிறது. ஸ்டீராய்டு சிகிச்சைக்கு நோய் கட்டுப்பட்டு, சிறுநீரில் புரதம் போவது நின்றதும், சில வாரங்களில் கொழுப்பு தானாகவே இறங்கிவிடும். குழந்தைக்குக் கொழுப்பு மாத்திரை தேவையில்லை. கொழுப்பைக் குறைக்கிறோம் என்று உணவைக் குறைக்கவும் கூடாது. வீக்கம் உள்ளவரை உப்பை மட்டும் குறையுங்கள். ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாமல் மாதக்கணக்கில் நீடித்தால் குழந்தைகள் சிறுநீரக நிபுணர் அதைப் பற்றி முடிவு செய்வார்.

கேள்வி: டிரைகிளிசரைடு 380 இருந்ததால் ஃபீனோஃபைப்ரேட் சாப்பிட்டேன். இ.ஜி.எஃப்.ஆர். 34 இருந்தது, இப்போது கிரியேட்டினின் மேலும் கூடிவிட்டது.
— வாசகர், அருமனை

பதில்: ஃபீனோஃபைப்ரேட் கிரியேட்டினினை உயர்த்தும் மருந்து. நிறுத்தினால் பெரும்பாலும் இறங்கிவிடும். இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே அதைத் தரக் கூடாது. 30-க்கும் 60-க்கும் இடையே குறைந்த அளவிலேயே தர வேண்டும். உங்கள் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். 380 என்ற அளவுக்குத் தனி மருந்து தேவைப்படுவது அரிது. கணைய அழற்சிக்கு அஞ்ச வேண்டியது 500-ஐத் தாண்டி 1,000-ஐ நெருங்கும்போதுதான். சர்க்கரை நோயாளிகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதே வகையைச் சேர்ந்த புதிய மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022-இல் வந்தது. டிரைகிளிசரைடு குறைந்தும் மாரடைப்பு குறையவில்லை. மது அருந்துபவரானால் அதை விடுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சோற்றின் அளவையும் இனிப்பையும் குறையுங்கள். மூன்று மாதத்தில் அந்த எண் இறங்கும்.

கேள்வி: ஸ்டாட்டின் தொடங்கியவர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கொழுப்புப் பரிசோதனை செய்ய வேண்டும்? வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டுமா?
— வாசகர், திங்கள்நகர்

பதில்: வெறும் வயிறு கட்டாயமில்லை, டிரைகிளிசரைடு 400-க்கு மேல் வந்தால் மட்டும் மீண்டும் வெறும் வயிற்றில் எடுக்கலாம். எத்தனை முறை என்பதில் வழிகாட்டுதல்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. சிறுநீரகத்துக்கான சர்வதேச வழிகாட்டுதல், பொருத்தமான மருந்தைப் பொருத்தமான அளவில் தொடங்கிவிட்டால் பெரும்பாலானோருக்குத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை என்கிறது. 2019-இன் ஐரோப்பிய வழிகாட்டுதலோ, இ.ஜி.எஃப்.ஆர். 30 முதல் 59 வரை உள்ளவர்களுக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழும், 30-க்குக் கீழே உள்ளவர்களுக்கு 55-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது. தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பார்ப்பது போதுமானது என்பது என் கருத்து. அந்த முதல் பரிசோதனையில் எண் அசையவே இல்லை என்றால், பெரும்பாலும் மாத்திரை டப்பாவிலேயே இருந்திருக்கிறது. கொழுப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் செலவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமின் அளவு பார்ப்பதற்குப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் அத்தானுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை திருவனந்தபுரத்தில் நடந்தது. மற்ற வைத்தியம் எல்லாம் உள்ளூரில். இப்போது கொழுப்புக்கு இரண்டு இடத்திலும் மாத்திரை தந்திருக்கிறார்கள். இரண்டையும் சாப்பிடலாமா?
— வாசகி, களியக்காவிளை

பதில்: இரண்டு உறைகளையும் எடுத்து, பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். இரண்டிலும் ஸ்டாட்டின் என்று முடியும் பெயர் இருந்தால் இரண்டும் ஒரே வகை, ஒன்றுதான் வேண்டும். எல்லை தாண்டிச் சிகிச்சை பெறும் நம் மாவட்டத்து நோயாளிகளிடம் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. எல்லா மருந்துகளையும் ஒரே தாளில் எழுதி இரண்டு மருத்துவர்களிடமும் காட்டுவதுதான் வழி.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு ஸ்டாட்டின் நல்லதே. 2003-இல் வெளியான, 2,102 பேர் பங்கேற்ற ஆய்வில் ஃபுளுவாஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் இதய மரணமும் மாரடைப்பும் குறைந்திருந்தன. ஆனால் இங்கே மருந்துகள் ஒன்றோடொன்று மோதும். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் சைக்ளோஸ்போரின் எடுப்பவருக்கு ரோசுவாஸ்டாட்டினின் அளவு இரத்தத்தில் ஏழு மடங்குவரை உயரும்; 10, 20 மில்லிகிராம் என்று கொடுத்தால் தசைக்கு ஆபத்து. அதே வேலைக்குத் தரும் டாக்ரோலிமஸ் எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. சளி, இருமலுக்குக் கடையில் தாமாக வாங்கும் கிளாரித்ரோமைசினும், தோலில் வரும் படைக்குத் தரும் இட்ராகோனசோலும் இவற்றில் பலவற்றோடு மோதும். ஆகவே மாற்று அறுவை செய்த குழு எழுதிய ஸ்டாட்டினை மட்டும் தொடரச் சொல்லி, மற்றதை உள்ளூர் மருத்துவரிடம் காட்டி நிறுத்துங்கள்.

கேள்வி: எனக்கு 31 வயது. சிறுநீரில் புரதம் போகும் நோய் இருக்கிறது, கிரியேட்டினின் இயல்பு. இரத்த அழுத்த மாத்திரையான டெல்மிசார்ட்டானும் அட்டோர்வாஸ்டாட்டினும் சாப்பிடுகிறேன். அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறோம்.
— வாசகி, குலசேகரம்

பதில்: 50 வயதுக்குக் கீழே உள்ள சிறுநீரக நோயாளிகளுக்கு, சர்க்கரை நோயோ, ஏற்கெனவே வந்த இதய நோயோ பக்கவாதமோ, கணக்கிட்டால் பத்தாண்டில் 10 சதவீதத்துக்கு மேல் இதய ஆபத்தோ இருந்தால்தான் ஸ்டாட்டின் பரிந்துரைக்கப்படுகிறது. இவை எதுவும் உங்களுக்கு இல்லையென்றால் அந்த மாத்திரை தேவைதானா என்று கேட்கலாம். தேவை என்றாலும், கருத்தரிக்கும் காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் அதை நிறுத்திவைப்பதே வழக்கம். ஓரிரு ஆண்டு இடைவெளியால் உங்கள் வயதில் இழப்பு ஏதுமில்லை.

இதைவிடப் பெரிய கவலை டெல்மிசார்ட்டான். அது வயிற்றில் உள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆனால் புரதம் போவதைக் கட்டுப்படுத்துவதும் அதுவே என்பதால், நீங்களாக நிறுத்தவும் கூடாது. எந்தத் தேதியில் நிறுத்துவது, அதற்குப் பதிலாக எந்த இரத்த அழுத்த மாத்திரை தருவது, அதுவரை எந்தக் கருத்தடை முறையைக் கையாள்வது என்பதைச் சிறுநீரக மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். அடுத்த முறை மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கப் போகும்போதே, குழந்தைக்குத் திட்டமிட்டிருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதற்கு முன்பே மாதவிடாய் தள்ளிப்போனால் அன்றே பரிசோதித்து, உறுதியானால் அன்றே மருத்துவரை அழையுங்கள்.